நேரில் பார்த்தது, மார்ச் 9

லோங்விக் நிறுத்தத்தில் மேர்த்தாவை இறக்கிவிட்டுப் பேருந்து திரும்பிப் போனபோது மணி ஒன்றேகால். நவம்பர் பத்தொன்பது. பகல் வெளிச்சம் அதற்குள்ளேயே மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது. பைன் மரங்களுக்கு நடுவே அந்த மூன்று மாடி மரக்கட்டடம் மஞ்சள் வர்ணம் வெளுத்துப்போய் நின்றது. ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனை. இப்போது மாவட்டத்தின் பழைய காகிதங்களையெல்லாம் அங்கேதான் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் அவள் வந்தது ஓர் அடிக்குறிப்புக்காக.

கேட்டால் சிரிப்பு வரும். ஆறு வருடம் உழைத்த ஆய்வேடு, அறுநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள், வெள்ளிக்கிழமை அச்சு. அதற்கடுத்த திங்கட்கிழமை பல்கலைக்கழக வராந்தாவில் இருக்கும் மரப்பலகையில் ஆய்வேட்டை ஆணியடித்து மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால்தான் வாய்மொழித் தேர்வு. இந்த நிலையில்தான் குறுக்குக் கேள்வி கேட்பதற்காக டென்மார்க்கிலிருந்து வரப்போகும் பிரெபென் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். முந்தின நாள் வழிகாட்டி சோல்வைக் அதைத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள்.

“கேளு இதை. ‘ஹில்மா பெர்க்வாலின் நோட்டுப் புத்தகம், ஏழாம் பெட்டி, பக்கம் 41. ஸ்வீடன்காரங்க எல்லாரும் இதையேதான் எழுதுறீங்க. உங்க மாணவியாவது அந்தப் பக்கத்தைக் கண்ணால பார்த்தாங்களா?’ கொழுப்பைப் பாரு அவனுக்கு! நீ பார்த்ததுதானே?”

“பார்த்தேன், சோல்வைக்.”

“அப்ப விடு. அடிக்குறிப்பைப் போட்டியே, ‘நேரில் பார்த்தது, மார்ச் 9’னு. அது போதும். அவன் வாயை அடைச்சிடலாம்.”

மேர்த்தா பார்க்கவில்லை. அந்தத் துறையில் ஆவணத்தை மேற்கோள் காட்டினால் அதைப் பார்த்த தேதியையும் போட்டாக வேண்டும். அவள் போட்டிருந்தாள். பக்க எண்ணையும் வாக்கியத்தையும் அலிண்டர் என்பவர் 1962-இல் எழுதிய புத்தகத்தின் அடிக்குறிப்பிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டாள். ‘இங்கே யாரும் தனியாக இறக்கவில்லை.’ காசநோய் வார்டின் செவிலி ஹில்மா எழுதிய வாக்கியம். காசநோய் பற்றி எழுதிய யாரும் இந்த வாக்கியத்தைத் தொடாமல் போனதில்லை. மேர்த்தாவின் ஆய்வேட்டுக்குத் தலைப்பே அதுதான்.

மார்ச் ஒன்பதாம் தேதி அவள் லோங்விக் வருவதாகத்தான் இருந்தது. “இன்னைக்கு ஆவணக் காப்பகத்துக்குப் போறேன்ப்பா, நாளைக்கு வர்றேன்” என்று மருத்துவமனையில் கிடந்த அப்பாவிடம் சொல்லிவிட்டாள். காலையில் பனி கொட்டியது. போகவில்லை. அப்பாவிடமும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து நூற்பட்டியலில் காற்புள்ளியும் சாய்வெழுத்தும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நாலு இருபதுக்கு வார்டிலிருந்து அழைப்பு வந்தது. நாலு மணிக்கு அப்பா ஏவெர்ட் காலமாகிவிட்டார் என்றார்கள். “தனியா இல்லைங்க, பக்கத்துல ஆள் இருந்தாங்க” என்று அந்தப் பெண் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மேர்த்தா எட்டு மாதத்தை ஓட்டியிருந்தாள். அன்றைய தேதியை அடிக்குறிப்பில் போட்டதும் அதனால்தான். காகிதத்திலாவது அவள் அன்று காப்பகத்தில் இருந்தாள். அப்பாவிடம் சொன்னது பொய்யாகாது பாருங்கள்.

கதவைத் திறந்தவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். தடித்த கம்பளிச் சட்டை, காலில் மரச்செருப்பு.

“வா பொண்ணே, வா. பேரு பிர்கெர். சும்மா பிர்கெர்னே கூப்பிடு, ஐயா கொய்யாவெல்லாம் ராஜாவுக்கு வச்சுக்கோ. எந்தப் பெட்டி?”

“ஏழு. ஹில்மா பெர்க்வால்.”

அவர் புருவத்தை உயர்த்தினார். “ஏழா? பத்தொன்பது வருஷமா இங்க இருக்கேன். அதை யாரும் கேட்டதே இல்லையே.”

“எல்லாரும் அதை மேற்கோள் காட்டுறாங்களே!”

“காட்டுவாங்க, காட்டுவாங்க. அதுக்கு வரணும்னு சட்டமா என்ன?” என்று சிரித்தார். சிரிப்பின் நடுவே மார்பைத் தேய்த்துக்கொண்டார். “படி ஏறினா மூச்சு வாங்குது. மூணாவது மாடி, கிழக்கு அறை. பேனா கூடாது, பென்சில்தான். நான் கீழ இருப்பேன். அஞ்சு பத்துக்குக் கடைசிப் பேருந்து.”

அவள் பையிலிருந்து ஏலக்காய் பன் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டார். “இங்க எனக்கு யாரும் எதுவும் கொண்டுவந்ததில்ல” என்றார்.

கிழக்கு அறை நீளமானது. முன்பு வார்டாக இருந்ததைச் சுவரோடு போன கட்டில் தடங்கள் காட்டிக்கொடுத்தன. ஜன்னலோரம் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு விளக்கு. அவ்வளவுதான். பிர்கெர் கொடுத்தனுப்பிய பெட்டியைத் திறந்ததும் மேலே ‘பார்த்தவர் சீட்டு’ இருந்தது. பெட்டியைத் திறக்கும் ஒவ்வொருவரும் அதில் பெயரும் தேதியும் எழுத வேண்டும்.

ஒரே ஒரு பெயர். அலிண்டர், 1961.

அறுபது வருடமாக எத்தனை புத்தகம், எத்தனை ஆய்வேடு! ஒருவர் அடிக்குறிப்பை அடுத்தவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே. மேர்த்தாவுக்குக் கூச்சமாக இருந்தது. தன் பெயரையும் அன்றைய தேதியையும் பென்சிலால் எழுதினாள். அந்த ஒரு வரியாவது உண்மை.

நோட்டுப் புத்தகம் கறுப்பு அட்டை போட்டது. ஹில்மா தன் கையாலேயே பக்கங்களுக்கு எண் போட்டிருந்தாள். மேர்த்தா நேராக நாற்பத்தொன்றுக்குப் போனாள். அங்கே அந்த வாக்கியம் இல்லை. ஒரு பட்டியல்தான் இருந்தது. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பக்கம் புரட்டிக்கொண்டே போய்ப் பதினாலாம் பக்கத்தில் கண்டுபிடித்தாள். 14-ஐ 41 என்று இலக்கம் மாற்றிப் போட்டிருக்கிறார் அலிண்டர். அதையும் எல்லோரும் பயபக்தியோடு நகலெடுத்திருக்கிறார்கள்.

‘அப்பாடா!’ என்றிருந்தது அவளுக்கு. எண்ணை மாற்றிவிட்டால் தீர்ந்தது. பிறகு வாக்கியத்தை முழுதாகப் படித்தாள்.

‘இங்கே யாரும் தனியாக இறக்கவில்லை என்று வீட்டாருக்கு எழுதச் சொல்கிறார் டாக்டர். எழுதுகிறேன். இந்த வாரம் எட்டுக் கடிதம். எட்டும் பொய். ஒருத்தி நான், கட்டில் முப்பத்தாறு. ஒருவர் கையைப் பிடித்திருக்கும்போது இன்னொருவர் போய்விடுகிறார்.’

மேர்த்தா அதை மூன்று முறை படித்தாள்.

அலிண்டர் பாதியில் வெட்டிவிட்டிருந்தார். மற்றவர்கள் அந்தப் பாதியையே திருப்பித் திருப்பி எழுதியிருந்தார்கள். ஆறு வருட உழைப்பு கண்ணெதிரே இடிந்து விழுந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் அவள் ஆய்வேட்டை நினைக்கவில்லை. ‘பக்கத்துல ஆள் இருந்தாங்க’ என்று தொலைபேசியில் கேட்ட குரலை நினைத்தாள். அந்தப் பெண்ணுக்கும் அப்படிச் சொல்லும்படி யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்களோ?

வெளியே இருட்டிவிட்டது. மணி மூன்றுகூட ஆகவில்லை. ஜன்னலில் அவள் முகமும் விளக்கும் மட்டும் தெரிந்தன.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். இருபதாம் பக்கத்திலிருந்து பட்டியல் தொடங்கியது. பெயர், வயது, தேதி, மணி. கடைசியில் ஒரு கட்டம்: உடன் இருந்தவர். அந்தக் கட்டத்தில் வரிக்கு வரி ஒரே சொல்தான் இருந்தது. யாருமில்லை. யாருமில்லை. யாருமில்லை. முப்பதாம் பக்கத்துக் கடைசி வரி 1912 பிப்ரவரி. ‘ஹில்மா பெர்க்வால், 29, விடியற்காலை 5.10. யாருமில்லை.’

அதே கையெழுத்து.

மேர்த்தா அந்த வரியை விரலால் தொட்டாள். ஒருத்தி தான் செத்த நேரத்தைத் தானே எப்படி எழுதுவாள்?

பழைய ஆஸ்பத்திரிகளின் கார்பாலிக் சோப்பு வாடை வந்தது. முதலில் லேசாக. பிறகு, யாரோ கை கழுவிவிட்டு ஈரத்தோடு பக்கத்தில் வந்து நிற்பதுபோல.

அறையின் கோடியில் யாரோ இருமினார்கள். அடக்கி அடக்கி, பிறரை எழுப்பிவிடக் கூடாது என்பவர்கள் இருமுவதுபோல.

“பிர்கெர்?”

எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் அவள் எதிரே இருந்த நாற்காலி தரையில் உரசிக்கொண்டு ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. யாரோ உட்காரும்போது மரம் முனகுமே, அந்தச் சத்தம் கேட்டது.

பக்கம் தானாகப் புரண்டது.

முப்பத்தொன்று. பட்டியல் நிற்கவில்லை. 1913. 1920. 1944. வார்டு மூடிய பிறகும் போய்க்கொண்டே இருந்தது. பண்ணை வீடுகளில், முதியோர் இல்லங்களில், மீன்பிடிப் படகில் செத்தவர்கள். பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன, அவசரமில்லாமல், வாசிக்கிறவளுக்கு நேரம் கொடுத்து. நாற்பத்தொன்றில் வந்து நின்றன.

இந்த வருடம்.

‘ஏவெர்ட் சண்டெலின், 81, மார்ச் 9, மாலை 4.02. யாருமில்லை.’

மேர்த்தாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா அலறலா என்று அவளுக்கே தெரியவில்லை. “அப்பா” என்றாள். எட்டு மாதமாக எந்த வார்த்தையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாளோ அது அறுந்தது.

இருமல் இப்போது எதிர் நாற்காலியிலிருந்து கேட்டது.

அதே பக்கத்தின் கீழே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பென்சில் உரசும் சத்தம் எழுந்தது. பென்சில் இல்லை. கை இல்லை. எழுத்து மட்டும் வந்தது.

‘பிர்கெர் நோர்லுண்ட், 67, நவம்பர் 19, மணி’

அதோடு நின்றது. மணி எழுதப்படவில்லை. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

கீழே எதுவோ தொப்பென்று விழுந்தது.

மேர்த்தா ஓடினாள். படிகளில் விளக்கில்லை. தடுமாறி, கைப்பிடியைப் பற்றி இறங்கினாள். வாசல் கதவு நேரெதிரே இருந்தது. திறந்தால் வெளியே, காற்று, சாலை, மனிதர்கள். ஒரு கணம் அவள் கை அந்தக் கதவின் பிடியில் இருந்தது. அதை ஒளிப்பானேன், இருந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டு அலுவலக அறைப் பக்கம் திரும்பினாள்.

பிர்கெர் தரையில், அலமாரியில் முதுகு சாய்த்துக் கிடந்தார். காபி கொட்டியிருந்தது. முகம் சாம்பல் நிறம். அவசர எண்ணுக்கு அழைத்தாள். வண்டி வர நாற்பது நிமிடமாகும், அவரை விட்டுப் போகாதீர்கள் என்றார்கள்.

“போகாதே, பொண்ணே.”

“போகல. இங்கதான் இருக்கேன்.” அவர் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“பன்னு நல்லா இருந்துச்சு” என்றார். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, “இந்தக் கை சூடா இருக்கு. அந்தக் கைதான் சில்லுனு இருக்கு” என்றார்.

“எந்தக் கை?”

அவர் இடப்பக்கம் பார்த்தார். அவருடைய இடது கை தரையில் மல்லாந்து கிடந்தது. விரல்கள் எதையோ பற்றியிருப்பதுபோல் மடங்கியிருந்தன. அந்த விரல்களின் தோல், வெளியிலிருந்து அழுத்தினால் குழியுமே, அப்படிக் குழிந்திருந்தது.

மேர்த்தா அந்தப் பக்கம் மறுபடி பார்க்கவில்லை. “நான் இருக்கேன்” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் மூச்சு நின்றதும் தொலைபேசியில் சொன்னபடி மார்பை அழுத்தினாள், கை ஓயும்வரை. வண்டிக்காரர்கள் வந்து கொஞ்ச நேரம் போராடிவிட்டு நிமிர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் படிவத்தை எடுத்தான்.

“போகும்போது கூட யாரு இருந்தா?”

“நான்” என்றாள்.

“நிஜமாவே கூட இருந்தீங்களா, இல்ல அப்புறம் வந்தீங்களா? எழுதணும், அதான்.”

“நிஜமாவே.”

அவர்கள் அவரைக் கொண்டுபோன பிறகு மேலே போக வேண்டியிருந்தது. மேல்கோட்டும் பையும் அங்கே இருந்தன. எப்படி ஏறினாள் என்று கேட்காதீர்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நோட்டு திறந்தபடியே கிடந்தது.

‘பிர்கெர் நோர்லுண்ட், 67, நவம்பர் 19, மாலை 4.06. உடன் இருந்தவர்: மேர்த்தா சண்டெலின்.’

அத்தனை பக்கத்தில் அந்தக் கட்டத்தில் இருந்த ஒரே பெயர் அதுதான்.

அதற்கு நேர் மேலே அப்பாவின் வரி. யாருமில்லை.

அவள் பென்சிலை எடுத்தாள். யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு சொல்லை அழித்துவிட்டு ஒரு பெயரை எழுத எவ்வளவு நேரமாகும்? அறுநூறு மேற்கோளைத் திருத்தியவளுக்கு இது ஒரு வேலையா? பென்சில் முனை காகிதத்தைத் தொட்டது.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

பனிக்கட்டிபோல் குளிர்ந்த ஐந்து விரல்கள். நெரிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. காதருகே ஒரு பெண்ணின் குரல் கேட்டது. இருமி இருமித் தேய்ந்துபோன குரல்.

“நீ அன்னைக்கு வரலையே.”

மேர்த்தா உடைந்துபோனாள். “வரல. வரல. வந்திருக்கணும். வீட்லதான் இருந்தேன்” என்று அழுதாள். யாரிடமும் சொல்லாததை, சோல்வைக்கிடம்கூடச் சொல்லாததை, அந்தக் காலி நாற்காலியிடம் சொன்னாள். பென்சில் கீழே விழுந்து உருண்டது. வெகுநேரம் கழித்து விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடி பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. நாலு மணி இரண்டு நிமிடம். வார்டில் அவளுக்குச் சொன்னது வெறும் நாலு மணி. யாருமே இல்லை என்றால் அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்தது யார்? இந்த நோட்டை எழுதியவள் பார்க்காததை எழுதுகிறவள் இல்லை. பார்த்தாள். பிர்கெரின் இடது கையைப் பிடித்திருந்ததுபோல் பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறாள். தன்னை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

“அப்பா பக்கத்துல நீ இருந்தியா?”

நாற்காலி லேசாக முனகியது.

பதினாலாம் பக்கத்தையும் நாற்பத்தொன்றையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, பெட்டியை மூடிவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடித்தாள்.

ஏழு மணிக்கு வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். அப்பா போன பிறகு அந்த வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. படங்களைப் பார்த்தாள். பதினாலாம் பக்கம் தெளிவாக விழுந்திருந்தது. நாற்பத்தொன்று வெறும் வெள்ளைக் காகிதம். அதை நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சோல்வைக்கை அழைத்தாள்.

“அச்சை நிறுத்திடு. தலைப்பு தப்பு. அந்த வாக்கியம் பாதிதான் வெளிய வந்திருக்கு. மீதியைப் படிச்சா அர்த்தமே தலைகீழ்.”

“பைத்தியமா உனக்கு? நாளன்னைக்கு அச்சு! ஆறு வருஷம், மேர்த்தா!”

“மார்ச் ஒன்பதாம் தேதி நான் அங்க போகவே இல்ல, சோல்வைக். பொய் சொன்னேன். அன்னைக்கு எங்கயுமே போகல. இன்னைக்குத்தான் போனேன்.”

கத்தப்போகிறாள் என்று மேர்த்தா காத்திருந்தாள்.

“என் புத்தகத்துலயும் அது இருக்கு” என்றாள் சோல்வைக், குரல் இறங்கி. “பக்கம் நாப்பத்தொண்ணுன்னுதான் போட்டேன். நானும் போனதில்ல.” பெருமூச்சு விட்டாள். “சரி. வசந்தத்துக்குத் தள்ளிப் போடலாம். பிரெபெனுக்கு நானே எழுதுறேன், என்னையும் சேர்த்துத் திட்டிட்டுப் போகட்டும். நீ சாப்பிட்டியா? பாவி, தனியா உட்கார்ந்து அழுதுட்டிருக்கியா என்ன?”

“இல்ல. வேலை பார்க்கிறேன்.”

“இரு, அது யாரு?”

“எது?”

“உன் பக்கத்துல. அப்பப்பா, என்ன இருமல் இது! யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கியா? நல்லதாப் போச்சு போ, இத்தனை மாசமா ஒத்தையில கிடக்கியேன்னு கவலையா இருந்துச்சு. முதல்ல அவங்களுக்குக் கொஞ்சம் தண்ணி குடு.”

மேர்த்தாவுக்கு எந்த இருமலும் கேட்கவில்லை. மேசைக்கு அந்தப்புறம் காலி நாற்காலிதான் இருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு, எழுந்து ஒரு குவளை நிறையத் தண்ணீர் பிடித்து, அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

பிறகு உட்கார்ந்து அடிக்குறிப்பைத் திருத்தினாள். ஹில்மா பெர்க்வால், ஏழாம் பெட்டி, பக்கம் 14. நேரில் பார்த்தது, நவம்பர் 19.

நிமிர்ந்தபோது குவளையில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.